ஆடிக் காற்றும் ஐப்பசி அடுப்பும்



இன்று நான் பேச வந்திருக்கும் பொருள் விறகு. எரிக்கும் கதையைப் பிறகு பார்ப்போம். எரிப்பதற்கு முன்னால் அதை எப்படி வைத்திருப்பது? நனையாமல், பூஞ்சை பிடிக்காமல், கறையான் அரிக்காமல் எப்படிக் காப்பது? அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர், "மயிலாப்பூரில் விறகைப் பற்றிக் கேட்க யார் ஐயா வருவார்கள்? வீட்டுக்கு வீடு சிலிண்டர் இருக்கிறதே!" என்றார். நியாயமான கேள்வி. ஆனால் அவர் வீட்டுச் சமையலறையோடு நின்றுவிட்டார். கொஞ்சம் வெளியே வந்து பாருங்கள். எத்தனையோ கோயில் மடப்பள்ளிகளில் இன்றும் வெண்பொங்கல் வேகிறது விறகில்தான். தியாகராய நகர்க் கல்யாண மண்டபத்தின் பின்கட்டில் கோட்டை அடுப்பு வெட்டி அண்டாவை ஏற்றுகிறார்களே, அது எதில் எரிகிறது? சந்து முனையில் "விறகடுப்பு பிரியாணி" என்று பலகை தொங்குகிறதே, அது எதற்கு? அடையாற்றுப் பக்கம் பீட்சாவுக்கென்று மண் அடுப்பு கட்டியிருக்கும் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? மொட்டை மாடியில் தாத்தாவின் செப்புப் பாய்லரைத் துலக்கி மறுபடி வெந்நீர் போடுகிறவர்களும் இந்த அவையில் இரண்டு பேராவது இருப்பீர்கள். சிரிக்கிறார்கள், பாருங்கள்; இருக்கிறார்கள்!

இந்த ஊருக்கும் விறகுக்கும் உள்ள உறவு நேற்று ஏற்பட்டதல்ல. திருமயிலை நிலையத்தில் பறக்கும் ரயில் நிற்கிறதே, அதன் தூண்கள் எதன் மேல் நிற்கின்றன? பக்கிங்காம் கால்வாயின் மேல். இன்று அதைக் கடக்கும்போது மூக்கைப் பிடித்துக்கொள்கிறோம். ஒரு காலத்தில் அது நம் அடுப்புக்கு வழி. 1806-இல் பேசில் காக்ரேன் என்ற வணிகர் நகரத்துக்கு வடக்கே வெட்டத் தொடங்கிய கால்வாய் அது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் நம் பகுதி எப்போது வந்தது தெரியுமா? தாது வருஷப் பஞ்சத்தில். 1876 முதல் 1878 வரை சோற்றுக்கில்லாமல் நகரத்தை நோக்கி வந்த ஏழைகள், கூலிக்கு மண் சுமந்து வெட்டிய துண்டு அது. அந்தத் தண்ணீரில் உப்பு வந்தது, சுண்ணாம்பு வந்தது, எல்லாவற்றுக்கும் மேலாக விறகு வந்தது. இன்று ராக்கெட் கிளம்புகிற ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அன்று சென்னைக்குக் கிளம்பியது விறகுப் படகு!

படகில் வந்த விறகில் பெரும்பங்கு சவுக்கு. 1856-இல் ராயபுரத்திலிருந்து ரயில் ஓடத் தொடங்கியது. எஞ்சினுக்கும் விறகு வேண்டும், வளர்கிற நகரத்துக்கும் விறகு வேண்டும். கடற்கரை மணலில் வேறு எது வளரும்? சவுக்கு வளரும். வேர் முண்டுகளில் குடியிருக்கும் நுண்ணுயிர் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக் கொடுப்பதால் வெறும் மணலிலும் அது நெடுநெடுவென்று எழும். நட்டு நாலைந்து ஆண்டில் வெட்டலாம். திருவான்மியூருக்குத் தெற்கே சவுக்குத் தோப்புகளின் இரைச்சலைக் கேட்டு வளர்ந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அந்தக் கட்டைதான் விறகுத் தொட்டிக்கு வந்து, தராசில் ஏறி, கை வண்டியில் நம் தெருவுக்குள் நுழைந்தது.

சரி, சவுக்கு வந்தது. வந்ததை எங்கே வைத்தார்கள்? எப்போது வாங்கினார்கள்? இங்கேதான் பஞ்சாங்கம் வருகிறது.

நம் ஊரில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கும் மேல் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்றே மாதத்தில் கொட்டித் தீர்க்கும். நம் முகூர்த்தங்கள் எப்போது? ஆடியில் கல்யாணம் இல்லை. புரட்டாசியிலும் பலருக்கு இல்லை. தடை நீங்கி மேளம் கொட்டுவது ஐப்பசியிலும் கார்த்திகையிலும். அதாவது, வானம் பொத்துக்கொள்ளும் அதே வாரங்களில் கோட்டை அடுப்பும் பற்ற வேண்டும்! கார்த்திகை முடிந்தால் மார்கழி. கல்யாணம் நிற்கும், மடப்பள்ளி நிற்காது. விடியலுக்கு முன்பே பொங்கல் தயாராக வேண்டும். எரிக்க வேண்டிய மாதமும் நனைகிற மாதமும் ஒன்றாக இருக்கும் ஊர் இது. ஆகவே ஐப்பசிக்கு வேண்டிய விறகைப் பற்றி ஐப்பசியில் யோசிக்கிறவர் பிந்திவிட்டார்.

ஈர விறகால் என்ன நஷ்டம்? புகை வரும், கண் எரியும், மாமா இருமுவார், அவ்வளவுதானே என்று நினைக்கிறோம். பணக் கணக்குப் போட்டுப் பாருங்கள். விறகை எடை போட்டு வாங்குகிறோம். வெட்டிச் சில நாளே ஆன 100 கிலோ விறகில் 40 கிலோ தண்ணீர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பச்சை மரத்துக்கு அது அதிகமில்லை. மீதி 60 கிலோதான் மரம். காய்ந்த 100 கிலோவில் தண்ணீர் 15, மரம் 85. முழுக்கக் காய்ந்த மரம் ஒரு கிலோ சுமார் 4,500 கிலோ கலோரி வெப்பம் தரும். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கி விரட்டச் சுமார் 600 கிலோ கலோரி வேண்டும். பச்சை விறகில் 60 கிலோ தரும் வெப்பத்தில், 40 கிலோ தண்ணீரை விரட்டுவதற்கே 24,000 போகிறது. கூட்டிக் கழித்துப் பாருங்கள். காய்ந்த விறகு 3,73,500 கொடுக்கும் இடத்தில் பச்சை விறகு 2,46,000 கொடுக்கிறது. மூன்றில் ஒரு பங்கு காணோம்! அண்டாவுக்குப் போக வேண்டிய காசு கூரை வழியாக ஆவியாகப் போகிறது. புகையாகப் போகிற நஷ்டத்தை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"சவுக்கு பச்சையாகவே எரியும் சார்" என்பார் கடைக்காரர். எரியும், பொய்யில்லை. அது எரியும் என்பதால்தான் நாம் ஏமாறுகிறோம். அணைந்துபோகிற விறகாக இருந்தால் திருப்பிக் கொடுத்திருப்போமே!

இங்கிலாந்தில் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். 2021 மே 1 முதல் அங்கே சில்லறையாக விற்கிற விறகில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. எதற்காக? நுரையீரலுக்காக. வீட்டுக்குள் சூழும் அடுப்புப் புகையால் 2020-இல் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. ஈர விறகின் நெருப்பு சூடேறாமல் அரைகுறையாக எரியும். அந்த அரைகுறைதான் புகை.

இனி, மரம் எப்படிக் காய்கிறது?

"வெயிலில் போட்டால் காயும்" என்பீர்கள். வெயில் உதவும். ஆனால் வேலையைச் செய்து முடிப்பது காற்று. முன்வரிசைத் தாய்மார்களைக் கேட்கிறேன்: வடாம் பிழிகிறீர்கள். ஒன்றின்மேல் ஒன்றாகக் குவித்துப் பிழிவீர்களா? பிழிந்ததை பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி வெயிலில் வைப்பீர்களா? மாட்டீர்கள். தனித்தனியாக, காற்றுப் படும்படி, சித்திரை வைகாசியில் முடித்துவிடுவீர்கள். அந்த அறிவு உங்கள் வீட்டு மொட்டை மாடியில் இருக்கிறது. விறகு விஷயத்தில் மட்டும் அதை மறந்துவிட்டுத் தார்ப்பாயைப் போர்த்தி நாலு பக்கமும் செங்கல் வைத்துவிடுகிறோம்! மழைத் தண்ணீர் உள்ளே போகாது, உண்மை. உள்ளே இருக்கிற தண்ணீர் எங்கே போகும்? பகலில் ஆவியாகித் தார்ப்பாயின் அடிப்புறத்தில் முட்டும். இரவில் குளிர்ந்து, சொட்டுச் சொட்டாக விறகின் மேலேயே விழும். பத்து நாள் கழித்துத் திறந்தால் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை. பூஞ்சைக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்து வாடகையும் வாங்காமல் இருக்கிறோம்.

மரத்தின் ஒரு குணத்தை மனத்தில் வையுங்கள். அது காற்றோடு ஓயாமல் ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கும். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதமாக இருந்தால் மரத்தின் ஈரம் 11 சதவீதம் அளவில் வந்து நிற்கும். 85 ஆனால் மரம் 17, 18-க்கு ஏறும். 90 ஆனால் 20. அந்த இருபதைத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். கார்த்திகையில் அடைமழை நாலு நாள் பிடித்துக்கொண்டால் ஒரு துளி மேலே படாத விறகும் ஈரம் ஏறும் என்பது இதனால்தான். அதற்கு என்ன செய்ய முடியும்? ஏறினாலும் இருபதைத் தாண்டாத அளவுக்கு முன்பே உலர்த்தி வைக்க முடியும். உள்ளே நுழைந்த ஈரம் மழை வெறித்ததும் வெளியேற வழி விட முடியும்.

வழி விடுவது எப்படி? முதலில் கோடாலி. மரத்தின் நீர்க்குழாய்கள் நீளவாக்கில் ஓடுகின்றன. வெட்டிய முனை வழியாக ஈரம் வெளியேறும் வேகம் பக்கவாட்டில் வராது. பட்டையோ, மழைக் கோட்டு மாதிரி எதையும் விடாது. ஆகவே கட்டையைக் குட்டையாகத் துண்டு போடுங்கள். மணிக்கட்டுப் பருமனுக்கு மேலே உள்ளதை ஆப்பு வைத்துப் பிளந்துவிடுங்கள். உருட்டுக் கட்டையாக அப்படியே போட்டால் ஓராண்டு கழித்தும் நடுவில் ஈரம் இருக்கும்.

அடுத்தது அடுக்கு. தரையில் நேராக அடுக்காதீர்கள். சென்னைத் தரை எப்போதும் ஈரத்தை மேலே அனுப்பிக்கொண்டிருக்கும். கறையானையும் சேர்த்து அனுப்பும். செங்கல் மேல் இரண்டு சவுக்குக் கம்பு, அதன் மேல் அடுக்கு. அரை அடியாவது கீழே வெளிச்சம் தெரிய வேண்டும். எத்தனை உயரம் என்று கேட்டால் என் பதில் உங்கள் தெருவைப் பொறுத்தது. 2015 டிசம்பரில் கோட்டூர்புரத்திலும் அடையாற்றங்கரையிலும் தண்ணீர் எதுவரை ஏறியது என்று சுவரில் இன்னும் கோடு தெரிகிற வீடுகள் உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் தரைத்தளத்தில் விறகு வைப்பதே வீண், மாடிக்குப் போய்விடுங்கள்.

சுவரை ஒட்டி அடுக்காதீர்கள். ஒரு சாண் இடைவெளி விடுங்கள். காற்றுக்கும் வேண்டும், கறையான் மண்கோடு போட்டு வந்தால் உங்கள் கண்ணுக்கும் தெரிய வேண்டும். ஒரே வரிசையாக அடுக்குங்கள். இடமில்லை என்று இரண்டு மூன்று வரிசை சேர்த்து அடுக்கினால் நடு வரிசை காயவே காயாது. முனைகள் காற்று வரும் திசையைப் பார்க்கட்டும்.

எந்தத் திசை? இதை மட்டும் நம் ஊருக்கென்று தனியாகச் சொல்ல வேண்டும். வெளியூர்ப் புத்தகத்தில் கிடைக்காது. ஆனி, ஆடியில் காற்று மேற்கிலிருந்து வருகிறது. நிலத்தின் மேல் ஓடிவந்த வறட்டுக் காற்று. துணி காய்ந்து மொடமொடவென்று ஆகிறதே, அந்தக் காற்று. ஐப்பசியில் எல்லாம் தலைகீழ். காற்றும் மழையும் வடகிழக்கிலிருந்து சாய்ந்தடிக்கும். ஆகவே விறகுக் கொட்டகைக்கு மேற்கும் தெற்கும் எப்போதும் திறந்திருக்கட்டும். வடக்குக்கும் கிழக்குக்கும் ஒரு கீற்றுத் தட்டி வைத்திருங்கள். புரட்டாசிக் கடைசியில் கட்டி, தை பிறந்ததும் அவிழ்த்துவிடுங்கள். மேலே தகரக் கூரை, அடுக்கைத் தாண்டி ஒரு முழம் நீட்டிக்கொண்டு, சரிவாக. தார்ப்பாய்தான் கிடைத்ததா? போடுங்கள், தலையை மட்டும் மூடுங்கள், பக்கங்களை மூடாதீர்கள். நடுவில் ஒரு கம்பு கொடுத்துத் தூக்கிக் கட்டுங்கள். குழிவில் தண்ணீர் தேங்கினால் கொசுப்புழு வளரும். டெங்கு காலத்தில் மாநகராட்சிப் பணியாளர் மாடியேறி வந்து பார்த்தால் விறகைப் பற்றிய உங்கள் விளக்கம் எடுபடாது.

மாடி என்றதும் ஓர் எச்சரிக்கை. ஒரு கன மீட்டர் சவுக்கு அடுக்கு அரை டன்னுக்குக் குறையாது. பழைய மெட்ராஸ் டெரஸ் கூரைக்கு அது சுமை. நடுக்கூடத்துக்கு மேலே மலைபோல் குவிக்காமல், கீழே சுவர் வருகிற இடமாகப் பார்த்து நீளமாக அடுக்குங்கள். அடுக்கு மாடிக் குடியிருப்பில் மின் மீட்டர் பெட்டிக்குக் கீழே, மாடிப்படிக்கு அடியில், கார் நிறுத்துமிடத்தில் விறகா? வேண்டவே வேண்டாம். தீப்பிடித்தால் எல்லோரும் இறங்கி ஓட வேண்டிய வழி அதுதான். ஒரு நாளைக்கு வேண்டியதை மட்டும் உள்ளே எடுத்து வையுங்கள். எடுக்கும்போது கட்டையைத் தட்டிவிட்டு எடுங்கள். தேளும் பூரானும் விறகின் நிரந்தரக் குடித்தனக்காரர்கள்.

நம் பாட்டிமார் என்ன செய்தார்கள்? அடுப்புக்கு மேலே பரண் கட்டினார்கள். நாளைக்கு எரியப் போகும் விறகை இன்றைய புகையும் சூடும் உலர்த்திக் கொடுத்தன. புகை ஏறிய கட்டையைப் பூச்சியும் அவ்வளவாக நாடாது. உத்தி அருமை. ஓலைக் கூரைக்குள் நெருப்புக்கு மேலே விறகை வைத்த துணிச்சலை மட்டும் நாம் பின்பற்ற வேண்டாம்.

பூஞ்சை ஏற்கெனவே வந்துவிட்டதா? இரண்டு வகை உண்டு, பிரித்துப் பாருங்கள். மேலே தூள்போல் படிந்து, தேய்த்தால் போகிறது, கட்டை உள்ளே கெட்டியாக இருக்கிறது என்றால் மோசமில்லை. திறந்தவெளியில் முகத்தில் துணி கட்டிக்கொண்டு துடைப்பத்தால் தட்டி, காற்றில் பரப்பி, காய்ந்ததும் எரிக்கலாம். ஆஸ்துமாக்காரர்கள் கிட்டே வர வேண்டாம். வீட்டுக்குள் கொண்டுவரவும் வேண்டாம். ஆனால் கட்டை எடை குறைந்து, நகம் அழுத்தினால் பஞ்சாக உள்ளே போகிறதா? அது உளுத்த விறகு. அதில் எரிய வேண்டியதைப் பூஞ்சை முன்பே தின்றுவிட்டது. தோட்டத்து மண்ணில் போடுங்கள்.

2016 டிசம்பர் 12, வர்தா புயல். ஒரே நாளில் இந்த நகரம் ஆயிரக்கணக்கில் மரங்களை இழந்தது. அடையாறு காந்தி நகரிலும் பெசன்ட் நகரிலும் தூங்குமூஞ்சியும் குல்மொஹரும் தெருவை அடைத்துக் கிடந்ததை யார் மறக்க முடியும்? விறகு மலிந்து கிடந்தது; எத்தனை அடுப்பில் அது எரிந்தது? உருட்டுக் கட்டையாக, பட்டையோடு, மண்ணின் மேல், மழைக்கால முடிவின் ஈரத்தில் ஓரமாகக் குவித்துவிட்டார்கள். குவியல்கள் குடை குடையாகக் காளான் பூத்து, உளுத்து, குப்பையாகப் போயின. பிளந்து, தரையை விட்டுத் தூக்கி, அந்தக் கோடைக் காற்றில் விட்டிருந்தால் அடுத்த ஐப்பசிக்கு எத்தனை மடப்பள்ளி அடுப்பு எரிந்திருக்கும்! மனம் ஆறவில்லை எனக்கு.

காய்ந்துவிட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முனையைப் பாருங்கள், நடுவிலிருந்து விரிசல் ஓடியிருக்கும். இரண்டு கட்டையை மோதிப் பாருங்கள். காய்ந்தது கணீரென்று பேசும், ஈரமானது தொப்பென்று முனகும். காதை நம்பாதவர்கள் தராசை நம்புங்கள். ஒரு கட்டையில் சுண்ணாம்புக் குறி போட்டு, வாரம் ஒருமுறை எடை பாருங்கள். எடை இறங்குவது நின்றால் காய்ந்து முடிந்தது. ஊசி குத்திப் பார்க்கும் ஈரமானி இருந்தால் பிளந்த புதுப் பக்கத்தில் குத்துங்கள், வெளிப்பக்கத்தில் குத்தினால் அது உங்களைச் சந்தோஷப்படுத்தப் பொய் சொல்லும்.

"எல்லாம் சரி, நாளைக் காலை முகூர்த்தம், விறகு நனைந்துவிட்டது, இப்போது என்ன செய்ய?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு முகம் கேட்கிறது. இரவே விரல் பருமனுக்குப் பிளந்துவிடுங்கள். எரிகிற அடுப்பைச் சுற்றி ஒரு கை தூரம் தள்ளி நிறுத்தி வையுங்கள், கண்பார்வையில். கொட்டாங்குச்சி, பன்னாடை, தென்னை மட்டை வைத்து நெருப்பை நன்றாக ஏற்றிக்கொண்டு, ஈரக் கட்டையை ஒவ்வொன்றாகக் கொடுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். கடற்கரையில் ஒதுங்கிய கட்டையையும், பெயின்ட் அடித்த பழைய ஜன்னலையும் எடுத்துப் போடாதீர்கள். உப்பும் பெயின்டும் எரிந்து வரும் புகை நஞ்சு.

முடிக்கும் முன் நார்வே நாட்டுச் சேதி ஒன்று. 2013 பிப்ரவரியில் அந்த நாட்டு அரசுத் தொலைக்காட்சி விறகைப் பற்றி 12 மணி நேரம் நிகழ்ச்சி நடத்தியது. நாலு மணி நேரம் பேச்சு, மீதி எட்டு மணி நேரம் ஓர் அடுப்பு எரிவதை அப்படியே காட்டினார்கள். ஜனங்கள் விடிய விடியப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுச் சண்டையும் போட்டார்கள். எதற்கு? விறகை அடுக்கும்போது பட்டை மேலே இருக்க வேண்டுமா, கீழே இருக்க வேண்டுமா என்று! ஆஸ்லோவில் உறவினர் இருக்கிறவர்கள் இன்றிரவு தொலைபேசியில் கேட்டுப் பாருங்கள். என்னைக் கேட்டால், கூரை இருந்தால் எப்படி வைத்தாலும் ஒன்றுதான். கூரை இல்லாவிட்டால் மேல் வரிசைக்கு மட்டும் பட்டை வானத்தைப் பார்க்கட்டும், மழை வழிந்தோடிவிடும்.

அவைத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கேள்வி இருக்கிறவர்கள் மேடைக்கு வரலாம். கையில் ஒரு கட்டையோடு வந்திருக்கிற அந்த அன்பரை முதலில் அழைக்கிறேன்.